வாய்க்குள் சொன்ன வாய்ப்பாடு

விசாரணை நடந்த அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் தாம் அங்கே இருக்கவில்லை என்று சொல்லக் கூடாது. மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் ஐயா. அவர் பெயரை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்துக் கதிரையில் பள்ளிக்கூட மனேச்சர் மூத்ததம்பிப் போடியார். அவர் ஊரிலேயே வயல் கூடியவர்; என் தாயின் அண்ணன், என் புருஷனின் தகப்பன். கதவடியில் வயலுக்கு நீர் பங்கிடுகிற வட்டை விதானை பத்தக்குட்டி. வாங்கில் என் புருஷன் கதிராமத்தம்பி. வெளியே யன்னலடியில் நானும் என் சின்னம்மா வள்ளிப்பிள்ளையும். பாயில் பிள்ளைகள், முன்வரிசையில் என் மகன் தம்பிராசா, அவனுக்குப் பக்கத்தில் விதானையின் மகள் செல்லம்மா. இத்தனை பேருக்கும் நடுவில், குற்றவாளி போல நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர் சாமித்தம்பி வாத்தியார்.

அந்த வாத்தியார்தான் போன மாதம் செங்கலடியில் காலமானார். சந்தைக்குப் போய்வந்த என் மருமகன் சைக்கிளைச் சாத்தவும் இல்லை, படலையடியில் நின்றபடியே சொன்னான்.

"மாமி, உங்கட வாத்தியார் மோசம் போயிட்டார்."

முற்றத்தில் மாமா, அந்த மூத்ததம்பிப் போடியார், வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது வயது எண்பதுக்குக் கிட்ட. காது மட்டும் நல்ல தெளிவு.

"ஆர் மனே, அந்தப் புள்ளயளக் கொண்டுபோய் வயல் வேலைக்கு விட்ட வாத்தியா?" என்று கேட்டார். பிறகு பெரிய மனிதன் போல, "சரி, செத்தவர்ர குறையப் பேசப்படாது" என்றார்.

பேசிவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். நான் அடுத்த பஸ்ஸில் செங்கலடிக்குப் போனேன்.

செத்த வீட்டில் வாத்தியாரின் மகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். அவள் கை தளர்ந்ததை உணர்ந்தேன். தணிந்த குரலில் கேட்டாள்.

"அம்மா, நீங்க உண்மையச் சொல்லுங்க. எங்கட அப்பா புள்ளயள வேலைக்கு விட்டுக் கூலி வாங்கினவரா? சின்ன வயசில இருந்து ஆக்கள் சொல்றத்தக் கேட்டுத்தான் வளந்தன். அப்பாட்டக் கேட்டா, சிரிச்சிட்டு இருந்திருவார்."

அந்த இடத்தில் என் தலை குனிந்தது. இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் ஊர் சொன்ன ஒரு பொய், வேறோர் ஊரில் ஒரு பெண்பிள்ளையின் நெஞ்சில் கிடந்து அழுகியிருக்கிறது. "இல்ல கிளி, அவர் அப்பிடிச் செய்யல்ல" என்றேன். அவள் முப்பத்தோராம் நாளுக்கு இந்த நினைவு மலரைப் போடுவதாகச் சொன்னாள்; அதில் இதை எழுதித் தரும்படி கேட்டாள். நான் மூன்றாம் வகுப்பு மட்டும் படித்தவள். பிழை இருந்தால் திருத்துங்கள். பெயர்களை மட்டும் திருத்த வேண்டாம்.

எங்கள் ஊர் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிறது. வீடும் கோயிலும் பள்ளிக்கூடமும் இந்தக் கரையில். வயலெல்லாம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். வேளாண்மை விளைந்துவிட்டால் குடும்பம் குடும்பமாகத் தோணி ஏறி அந்தக் கரைக்குப் போய், வயலோரத்தில் வாடி என்ற ஓலைக் குடிசை கட்டிக்கொண்டு இருந்து, வெட்டி, கதிரைச் சூடாகக் குவித்து வைத்து, மிதித்து, நெல்லோடுதான் திரும்புவோம். பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போவது? அவர்களும் வருவார்கள். கிளி விரட்டுவார்கள், தம்பி தங்கச்சியைப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் வாங்குகளும்தான்.

வாத்தியார் வந்த முதல் வருடம் இது அவருக்குத் தெரியாது. மணி அடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறார். ஒரு பிள்ளையும் இல்லை. வேறொரு வாத்தியாராக இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார், அல்லது தகப்பன்மாருக்குத் தண்டம் போட வைத்திருப்பார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோணிக்காரனைக் கூப்பிட்டு எங்கள் வாடிக்கே வந்துவிட்டார். நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன்.

"தங்கச்சி, தம்பிராசா எங்க?"

"கிளிக்கு நிக்கான் வாத்தியார். அடிச்சிராதீங்க."

"என்னத்துக்கு அடிக்கிற? என்ன வேலை செய்றான் எண்டு பாக்க வந்தன்."

வரப்பில் போய் அவனோடு இருந்து தானும் கிளி விரட்டினார். அன்று மத்தியானம் எங்கள் வாடியில்தான் சாப்பிட்டார். சாப்பிடும்போது அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "கொழும்பில இருந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுறவருக்கு இஞ்ச எப்ப வேளாண்ம விளையும் எண்டு தெரியா. அது அவர்ர குத்தமில்ல. தெரிஞ்ச நாம சும்மா இருந்தாத்தான் குத்தம்."

அடுத்த வருடம் ஊர் கூடியது. கோயில் மடத்தில் வைத்துப் போடியார்தான் பேசினார். நான் பின்னால் நின்று என் காதால் கேட்டேன். "வாத்தியார், புள்ளயள இஞ்ச விட்டுட்டுப் போக ஏலா. நீங்க பள்ளிக்கூடத்த அங்க கொண்டு வாங்க. மனேச்சர் நான் சொல்றன். வாடி நான் கட்டித் தாறன்." வாத்தியார் யோசித்தார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். "கேட்டா வேணாம் எண்டுதான் சொல்லுவானுகள். வெளஞ்ச நெல்லு காத்திருக்குமா?" என்று போடியார் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். கரும்பலகையைத் தோணியில் ஏற்றியதும் போடியாரின் ஆட்கள்தான்.

அந்த மாசி மாதத்தில் எங்கள் பிள்ளைகள் படித்தது போல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காலையில் கிளி அடங்கும் வரை வயலில் நிற்பார்கள். வெயில் ஏறியதும் வாடிக்கு வந்து பாடம். மாலையில் மறுபடி வயல். பெண்பிள்ளைகளும் வந்தார்கள், ஏனென்றால் தாய்மார் நாங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தோம். ஒரு பிள்ளை வராவிட்டால் வாத்தியாரே அடுத்த வாடிக்கு நடந்து போய், அங்கே என்ன வேலை என்று பார்த்து, வேலை முடியும்வரை இருந்து, கூட்டிக்கொண்டு வருவார். ஒரு பிள்ளையையும் அவர் ஒரு கதிர் வெட்டச் சொன்னதில்லை. தண்ணீர் குடிக்கக்கூடத் தானே எழுந்து போவார். இதற்கு நான் சாட்சி. என் சின்னம்மாவும் சாட்சி, அவ கண் மூடிவிட்டாலும்.

ஒரு பிழை நடந்தது. வெளியூர் ஆட்களுக்கு இது சொன்னால்தான் விளங்கும். சூடு மிதித்து, நெல்லைக் குவித்து, அளந்து முடியும்வரை களவெட்டி என்கிற நெற்களத்துக்குப் பக்கத்தில் எவரும் வாய்விட்டு எண்ணக் கூடாது. எண்ணினால் பொலி குறையும், குவியலில் இருப்பது அள்ள அள்ளக் கரையும் என்பது எங்கள் பயம். பெண்கள் நாங்கள் களவெட்டிக்குள் கால் வைப்பதும் இல்லை. வாத்தியாருக்கு இது யாரும் சொல்லவில்லை. அவர் பிள்ளைகளை வைத்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். அத்தனை குரலும் சேர்ந்து பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைச் சொன்னது காற்றோடு போய்ப் போடியாரின் களவெட்டியில் விழுந்தது. அன்று அளந்த போடியாரின் நெல் குறைந்துவிட்டது. மழை பிந்தியதால் எல்லோருக்கும்தான் குறைந்தது. அதை அவர் கேட்கவில்லை.

வாடிக்கு வந்து கத்தினார். "என்ட களவெட்டிய எண்ணித் துலைச்சிட்டீரே! ஊரான்ட பொலியக் கரைக்கவா உம்மக் கூட்டி வந்த நான்?"

வாத்தியார் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். தெரியாமல் நடந்தது என்றார். போடியார் போன பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "சரி மனே, இனிப் போடியார்ர நெல்லு அளந்து முடியும்வரைக்கும் வாய்ப்பாட்ட வாய்க்குள்ள சொல்லுங்க. சத்தம் வரப்படாது. உதட்டப் பாத்தே நான் பிழை பிடிப்பன்" என்றார். பிடித்தார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வாடியில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தால் எல்லா உதடும் அசையும், ஒரு சத்தமும் இருக்காது. தம்பிராசா என் மடியில் படுத்துக்கொண்டும் உதட்டை அசைப்பான்.

அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார். கதவு பூட்டிக் கிடந்தது. பெட்டையாடு ஒன்று வாசலில் குட்டி போட்டுக்கொண்டிருந்ததாம். அடுத்த கிழமை விசாரணைக்கு வருவதாக ஆள் அனுப்பினார். மனேச்சரும் வாத்தியாரும் பிள்ளைகளும் ஊராரும் எழுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. போடியாரின் கடைசிச் சூடு அப்போதும் மிதிக்காமல் நின்றது. அதை விட்டுவிட்டு எல்லோரும் தோணி ஏறினோம்.

தோணியில் வாத்தியார் பயந்த மாதிரித் தெரியவில்லை. "புள்ளயளக் கேள்வி கேக்கட்டும். பதிலக் கேட்டா அவருக்கே விளங்கும், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கல்ல எண்டு" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஐயா கெட்டவர் அல்ல. பிள்ளைகளைப் பார்த்து, "பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியுமா? எல்லோரும் சொல்லுங்கள், பார்ப்போம்" என்றார்.

பிள்ளைகள் எழுந்தார்கள். சொன்னார்கள். எல்லா உதடும் ஒன்றாக அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை.

யன்னலடியில் நின்ற எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, மறுகாத்தான் காரணம் விளங்கியது. போடியார் முன்னால் இருக்கிறார். அவருடைய நெல் இன்னும் அளந்து முடியவில்லை. சத்தமாக எண்ணக் கூடாது. பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் தெரியும். என் மகன் பன்னிரண்டு பன்னிரண்டு வரைக்கும் சரியாகப் போனதை அவன் உதட்டில் நான் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் ஐயா பார்த்தது, பேசத் தெரியாத பிள்ளைக் கூட்டம் ஒன்றை.

"என்ன இது? ஏன் வாயைச் சப்புகிறார்கள்?" என்று கேட்டார்.

வாத்தியார் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து குனிந்து, "மனே, இது களவெட்டி இல்ல. இஞ்ச சத்தமாச் சொல்லலாம். சொல்லுங்க கிளி" என்றார்.

பிள்ளைகள் வாத்தியாரைப் பார்க்கவில்லை. போடியாரைப் பார்த்தார்கள். அவர் ஒருமுறை தலையை ஆட்டியிருந்தால் போதும். "சொல்லுங்க" என்று வாயைத் திறக்கவும் வேண்டியதில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் நிமிர்ந்து, "போடியார், நீங்க ஒருக்காச் சொன்னாச் சொல்லுவாங்க" என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னார். போடியார் கூரையில் ஓட்டை பார்க்கிறவர் போலவே இருந்தார். விதானையின் மகள் செல்லம்மா துடுக்கானவள். "ஓர் பன்னிரண்டு..." என்று சத்தமாகத் தொடங்கினாள். போடியார் தொண்டையைச் செருமினார். பிள்ளை அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, வாய்க்குள்ள சொல்றாங்க! பிழையில்லாமச் சொல்றாங்க! கிட்ட வந்து உதட்டப் பாருங்க!" என்று யன்னலுக்குள்ளால் கத்தினேன்.

"பொம்புளயளுக்கு இஞ்ச என்ன வேல?" என்றார் போடியார். "வாய்க்குள்ள சொல்றதாம்! அப்ப நானும் வாய்க்குள்ள இங்கிலீசு பேசுவன்!" என்று விதானை பத்தக்குட்டி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். உதடு பார்த்துப் பிழை பிடித்த கதை தெரிந்தவர்கள், தங்கள் பிள்ளைகள் வாடியில் படித்ததைப் பார்த்தவர்கள், அவர்களும் சிரித்தார்கள். என் புருஷன் எழுந்து வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "அப்பாவ வெக்கப்படுத்தாத புள்ள" என்றார். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா மனேச்சர் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடத்தை வாவிக்கு அப்பால் கொண்டுபோக நீர் அனுமதி கொடுத்தீரா?"

"எனக்கு ஒண்டும் தெரியா ஐயா."

இந்தப் பொய்யை நான் விழுங்கிவிடுவேன். மேலிடத்தில் கேட்காமல் மனேச்சரே சம்மதித்தார் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வருகிற அரசாங்க உதவிப் பணம் நின்றிருக்கும் என்று மாமா பின்னாளில் எனக்குச் சொன்னார். "பள்ளிக்கூடத்தக் காப்பாத்தச் சொன்ன நான்" என்றார். இருக்கட்டும். ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. ஒருவரும் கேட்காமலே, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்.

"வாத்தியார் புள்ளயள வயல் வேலைக்கு விட்டுக் கூலி வாங்கினதாக் கதைக்காங்க ஐயா. நாங்க ஏழையள், என்னத்தக் கேக்கிற?"

வாத்தியார் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு பாயில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அவர்களுக்கு முன்னால் ஊர்ப் பெரிய மனிதனைப் பொய்யன் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லைப் போலும். "புள்ளயள வீட்ட அனுப்புங்க ஐயா. அதுகளுக்குப் பசிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகிற அன்று ஊரில் வண்டில் இருந்தது, மாடு இருந்தது, ஒருவரும் கட்டவில்லை. தகரப் பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு தெருவால் நடந்தார். வேலிகளுக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். என் வேலியடியில் மட்டும் நின்று, "தங்கச்சி, நான் போறதுக்காகப் புள்ளய நிப்பாட்டிராதீங்க. வாத்தி போவான் வருவான், பள்ளிக்கூடம் நிலைச்சு நிக்கணும்" என்றார். பள்ளிக்கூடம் நிலைத்து நின்றது. உதவியும் வந்தது. அடுத்த மாசியில் பிள்ளைகள் வாவி கடந்தார்கள், புது வாத்தியார் இந்தக் கரையில் மணி அடித்தார். அதற்கடுத்த மாசியிலும் அப்படித்தான். வயலுக்குப் போன பிள்ளைகளில் பாதிப்பேர் திரும்பி வகுப்புக்குப் போகவே இல்லை. என் மகனும் போகவில்லை. நான் இரண்டு முறை அடித்து அனுப்பினேன். அவன் வராத நாட்களுக்காகப் புது வாத்தியார் மறுபடியும் அடித்தார். அவன் பயந்து நின்றுவிட்டான். இன்றைக்குத் தன் பெயரை மட்டும் எழுதுவான்.

சில வருடங்கள் கழிந்து ஏறாவூரில் ஒரு முதலாளியின் புடவைக் கடையில் வாத்தியாரைக் கண்டேன். கூலி வாங்கிய வாத்தியார் என்ற பெயர் போன இடமெல்லாம் முன்னால் போயிருந்ததால் எந்தப் பள்ளிக்கூடமும் அவரை எடுக்கவில்லை. சீலை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி பகிடிக்காரர். "பாருங்க உம்மா, முழம் போடக்குள்ளயும் எங்கட வாத்தியாருக்கு உதடு அசையுது. ஆனா ஒரு முழம் பிழைச்சதில்ல" என்றார். வாத்தியார் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

"தம்பிராசா எந்த வகுப்பு?" என்று கேட்டார்.

"வயலுக்குப் போறான் வாத்தியார்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். "வயசு போகல்ல, மறுகாச் சேத்துவிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சீலையை மடித்துத் தந்தார். நான் சேர்க்கவில்லை. சேர்க்க எங்கே விட்டார்கள்? வீட்டில் கேட்டபோது, "படிச்சு என்ன, அந்த வாத்தி மாதிரிச் சீலை அளக்கவா?" என்று மாமா கேட்டார். அந்த வாத்தியைச் சீலை அளக்க வைத்தவர் யார் என்று நான் கேட்டேன். அன்று முதல் ஒரு வருடம் அவரோடு நான் பேசவில்லை. சோறு மட்டும் அனுப்பினேன்.

இப்போது உலகச் சண்டை முடிந்துவிட்டது. படிப்பு எல்லோருக்கும் இலவசம் என்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கல்லுச் சுவர் வந்துவிட்டது, ஓடு வந்துவிட்டது, மூன்று வாத்திமார் இருக்கிறார்கள். நாட்டுக்கே நல்ல படிப்பு வரப்போகிறது என்று பேச வந்தவர் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். நல்லது, வரட்டும். ஆனால் இந்த மாசியிலும் அந்தக் கல்லுச் சுவருக்குள் பிள்ளைகள் இல்லை. நாட்டின் படிப்பு நல்லதா என்று பார்க்க வேண்டுமானால் பரீட்சை நாளில் வர வேண்டாம், எங்கள் ஊர் வேளாண்மை வெட்டுகிற நாளில் வாருங்கள். வராத பிள்ளை எங்கே, என்ன வேலையில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு வருகிற ஒரு வாத்தியார் எங்களுக்கு வாய்த்தார். நாங்கள் அவரைச் சிரித்து அனுப்பினோம்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். இந்த மாசியில் நான் வயல் கரைக்குப் போகவில்லை. என் பேரப்பிள்ளைகளையும் அயல் வீட்டுப் பிள்ளைகளையும் என்னோடு இந்தக் கரையில் நிறுத்திக்கொண்டேன். எல்லாமாகப் பத்துப் பேருக்கு மேல் இருக்கும். காலையில் கஞ்சி ஊற்றி, தலை வாரி இழுத்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். "பைத்தியம் பிடிச்சிற்றா உனக்கு?" என்று என் மகன் தம்பிராசாவே கேட்டான். "ஓம், பிடிச்சித்தான். இருபது வருசம் பிந்திப் பிடிச்சிருக்கு" என்றேன். அடுத்த மாசியிலும் நிற்பேன். பிள்ளைகளை விட விரும்புகிறவர்கள் அரிசி தந்துவிட்டுப் போங்கள், தராவிட்டாலும் விட்டுவிட்டுப் போங்கள்.

வாத்தியாரின் மகளே, உன் அப்பா ஒரு பிள்ளையையும் வேலைக்கு விடவில்லை. ஒரு சதம் கூலி வாங்கவில்லை. அதைச் சொன்னவர் சொல்லும்போதே பொய் என்று அறிந்து சொன்னார். கேட்டவர்கள் பொய் என்று அறிந்தே கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர் முழுவதற்காகவும் உன்னிடம் வெட்கப்படுகிறேன்.

நான் இதை எழுதிக்கொண்டிருப்பதை அறிந்து நேற்று மாமா கூப்பிட்டு, "பழைய மனேச்சர் எண்டு என்ட பேரிலயும் ரெண்டு வரி போடு புள்ள, நல்ல மனுசன் எண்டு" என்றார். போட மாட்டேன் என்றேன். "ஏன், இன்னும் அத மறக்கல்லயா?" என்று கேட்டார். மறக்கவில்லை. சிரித்தவர்களை மன்னித்துவிட்டேன், என் மணிக்கட்டைப் பிடித்தவரையும் மன்னித்துவிட்டேன், அவர்களில் பலர் இப்போது இல்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக் காத்து நின்றபோது தலையை ஆட்டாமல் இருந்தவரை மட்டும், அவருக்குக் கடைசிச் சோறு என் கையால் போனாலும், நான் மன்னிக்க மாட்டேன். அவர் பெயர் மூத்ததம்பிப் போடியார்.